பார்ஸ்லி விதை, சடை ரொட்டி, கிராம்பு குத்திய எத்ரோக்: யூத வீட்டில் வளரும் சின்னப் பிள்ளை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரைக்காரி. கணவர் யூதர். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிறவர்கள் "அவ கையில என்ன மாவு? ஜன்னல்ல எதுக்குத் தொட்டி?" என்று கேட்காத வாரம் இல்லை. இங்கே என்னைப் போலவே யூதரை மணந்த தோழிகளும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். முதலிலேயே ஒன்று: நாங்கள் ரிஃபார்ம் பிரிவு, கொஞ்சம் தளர்வான வீடு. மாமியார் வீட்டில் கெடுபிடி அதிகம். இரண்டையும் கலந்துதான் பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

"ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன புரியும்?"

கதை புரியாது. எகிப்து, அடிமைத்தனம், எருசலேம் கோயில் எதுவும் புரியாது. ஆனால் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் அது மறக்காது. யூத வீட்டு வழக்கங்களில் எனக்குப் பிடித்ததே இதுதான்: எல்லாவற்றிலும் தொட, முகர, முக்கி எடுக்க, ஆட்ட ஏதாவது ஒன்று இருக்கும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பாஸ்கா பண்டிகையின் இரவு விருந்தில், இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை என்ற நான்கு கேள்விகளை வீட்டிலேயே சின்னவர்தான் கேட்க வேண்டும் என்பது வழக்கம். பிள்ளைகளை வைத்துத்தான் அந்த இரவே நடக்கிறது.

சின்ன உதாரணம், மெசூசா. வாசல் நிலையில், உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம் பதித்திருக்கும் சிறு உறை. உள்ளே கையால் எழுதிய தோல் சுருள். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். என் மகள் இப்போதெல்லாம் தன்னைத் தூக்கிக் காட்டாமல் வாசலைத் தாண்ட விடுவதில்லை, கையில் நாலு பை இருந்தாலும் சரி. உறையைக் களிமண்ணில் பிள்ளைகளே செய்யலாம். சுருளை மட்டும் அதற்கென்றே பயிற்சி பெற்று எழுதுகிறவரிடமிருந்துதான் வாங்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை விளக்கேத்துறது நம்ம வழக்கந்தானே? இதுல என்ன புதுசு?"

இது என் அம்மா கேட்டது. கேட்டதோடு சந்தோஷமும் பட்டார். ஆனால் நம் வீட்டில் விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குப் போவோம். இங்கே விளக்கேற்றியதும் வேலை நிற்கிறது. சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும் வரை ஷப்பாத், ஓய்வு நாள். வழக்கப்படி சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு ஏற்ற வேண்டும். டிசம்பரில் இங்கே நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், பிரச்சினை இல்லை. ஜூனில் எட்டரை ஆகும், பிள்ளை அதற்குள் தூங்கிவிடுவாள். சூரியன் மறைவதற்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம் முன்பிருந்தே ஏற்றலாம் என்று மாமியார் சொன்ன பிறகு கோடையில் ஏழேகால் வாக்கில் ஏற்றிவிடுகிறோம்.

பிள்ளைக்கு இதில் மூன்று வேலை. விளக்கேற்றும் முன் தர்ம உண்டியலில் ஒரு காசு போடுவாள், ஏனென்றால் ஷப்பாத் தொடங்கிவிட்டால் பணத்தைத் தொடுவதில்லை. ஏற்றியதும் ஒளியை மூன்று முறை நம் பக்கம் வாரி எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவளும் மூடுவாள், விரல் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டே. அப்புறம் அப்பா தலையில் கை வைத்து, "சாரா, ரெபேக்கா, ராகேல், லேயாள் போல் ஆகட்டும்" என்று ஆசி சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும். ஆண் பிள்ளை என்றால் எப்பிராயீம், மனாசே போல் என்று சொல்வார்கள். அசையாமல் நிற்பதுதான் மூன்றிலும் கஷ்டம்.

"ஹல்லா ரொட்டி பின்ன சின்னக் கைக்கு வருமா?"

ஹல்லா என்பது ஷப்பாத் சாப்பாட்டுக்கான சடை ரொட்டி. பின்ன வராது, உருட்ட வரும். நாலு கப் மைதா, இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், இரண்டு முட்டை, கால் கப் எண்ணெய், கால் கப் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து இரு மடங்கு உப்பும் வரை மூடி வைத்து, அப்புறம் ஆளுக்கொரு உருண்டை. அவள் பாம்பு பாம்பாக உருட்டித் தருவாள், நான் மூன்று கால் சடை போடுவேன். வேறு எதிலும் கை கொடுக்காத என் பள்ளிக்கூடச் சடை இங்கே கை கொடுத்தது. மேலே முட்டை தடவ ஒரு பிரஷ்ஷைப் பிள்ளையிடம் கொடுங்கள், எள் தூவச் சொல்லுங்கள். 180 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம்.

வெண்ணெய் ஏன் இல்லை என்று கேட்பார்கள். இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக்கூடாது, வெள்ளி இரவுச் சாப்பாட்டில் பெரும்பாலும் கோழி இருக்கும், அதனால் எண்ணெய். மேசையில் இரண்டு ரொட்டி வைப்பது, பாலைவனத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பாக விழுந்த மன்னா என்னும் வானத்து உணவின் நினைவாக. இரண்டையும் மூட ஒரு துணி வேண்டும். பழைய வெள்ளைத் துணியில் பிள்ளையின் உள்ளங்கையைச் சாயத்தில் முக்கிப் பதியுங்கள், இதைவிடச் சுலபமான கைவேலை கிடையாது.

"குளிர்காலத்துல மரத்துக்குப் பிறந்தநாளா? பனியில எதை நடுறது?"

தூ பிஷ்வாத், அதாவது யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் 15-ஆம் நாள், மரங்களின் புத்தாண்டு. இஸ்ரேலில் அப்போது வாதுமை பூக்கத் தொடங்கும். நியூ ஜெர்சியில் தரை இரும்பாகக் கிடக்கும். அதனால் வெளியே எதையும் நட வேண்டாம், ஜன்னலோரத் தொட்டி போதும். இங்கே பல வீடுகளில் அன்றைக்குக் கொத்தமல்லி போன்ற பார்ஸ்லிக் கீரையை விதைப்பார்கள். பாஸ்கா இரவில் பச்சை இலையை உப்புத் தண்ணீரில் முக்கித் தின்ன வேண்டும், எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்களின் கண்ணீர் நினைவாக. ஜனவரி, பிப்ரவரியில் பிள்ளை விதைத்தது வசந்தத்தில் அந்த மேசைக்கே வந்துவிடுகிறது.

நாள் கணக்கு முக்கியம். 2026-இல் தூ பிஷ்வாத் பிப்ரவரி 2, பாஸ்காவின் முதல் நாள் ஏப்ரல் 2, நடுவில் 59 நாள்தான். 2027-இல் ஜனவரி 23-இலிருந்து ஏப்ரல் 22 வரை 89 நாள் கிடைக்கும். யூத நாட்காட்டி சந்திரக் கணக்கு, பருவம் தவறாமலிருக்க 19 ஆண்டில் ஏழு முறை ஒரு மாதம் கூடும், நம் பஞ்சாங்கத்து அதிக மாதம் போல. 2027 அப்படிப்பட்ட ஆண்டு.

அன்றைக்குத் தட்டில் கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை என்று வேதநூலான உபாகமம் சொல்லும் ஏழு வகையும் வைப்பார்கள். மாதுளையை மட்டும் துணி விரித்துக் கொடுங்கள்.

"பார்ஸ்லி முளைக்கவே இல்லையே, கொத்தமல்லி போட்டா ஆகாதா?"

பார்ஸ்லி சோம்பேறி. முளைக்க இரண்டிலிருந்து நாலு வாரம் எடுக்கும். விதையை முதல் நாள் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கால் அங்குல ஆழத்தில் போட்டு, முளைவிடும் வரை மண் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். பிள்ளைக்குத் தெளிப்பானைக் கொடுங்கள், குவளையைக் கொடுக்காதீர்கள். முதல் வருஷம் நான் குவளையைக் கொடுத்தேன், விதையெல்லாம் ஒரு மூலையில் மிதந்து ஒதுங்கியது. 59 நாளில் விரல் நீளத் தண்டுதான் வரும். ஒரு பிள்ளை முக்கித் தின்ன அது போதும், மற்றவர்களுக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

பார்ஸ்லிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கிழக்கு ஐரோப்பாவில் அந்தப் பருவத்தில் பச்சை கிடைக்காமல் வேகவைத்த உருளைக்கிழங்கையே வைத்தார்கள், இன்றும் பல வீடுகளில் அதுதான். எங்கள் வீட்டில் கொத்தமல்லி வைத்த வருஷமும் உண்டு. கணவரின் சித்தப்பா ஒரு நிமிடம் மென்றுவிட்டு, "இது சட்னி வாசம்" என்றார்.

"என் பிள்ளைக்குப் பத்து மாசம்தான். யூதப் புத்தாண்டுக்கு ஆப்பிள்ல தேன் தொட்டு நாக்குல வைக்கலாமா?"

கூடாது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட ஆகாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் அந்தக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம், உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் சேனை வைக்கிறோம் என்று பிறந்த குழந்தைக்குத் தேன் தடவுவதும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன், பாட்டிமார் கோபித்தாலும் பரவாயில்லை. ஆப்பிளை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். மூன்று நான்கு வயது வரை பச்சை ஆப்பிளை மெல்லிய சீவலாகவும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

"எத்ரோக்னு ஒண்ணு வச்சிருக்கியே, அது நம்ம நார்த்தங்காய்தானே? ஊறுகாய் போடலாமா?"

நெருங்கிய சொந்தம். பார்த்ததும் எனக்கும் நாக்கில் நீர் ஊறியது. சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகையின் ஏழு நாளில், வழக்கப்படி ஷப்பாத் தவிர, எத்ரோக்கையும், பேரீச்சைக் குருத்து, மிர்ட்டில், வில்லோ கிளைகள் சேர்ந்த கட்டு ஒன்றையும் கையில் பிடித்து ஆட்டுவார்கள். தோலில் வடு விழாமல் வளர்ப்பதற்காகப் பல தோட்டங்களில் பூச்சிமருந்து நிறைய அடிப்பார்கள், ஆகவே எங்கே எப்படி விளைந்தது என்று தெரியாமல் ஊறுகாய்க்கு வெட்ட வேண்டாம். காம்புக்கு எதிர்முனையில் இருக்கும் சின்ன நுனி உடைந்தால் பழம் சடங்குக்கு ஆகாமல் போகலாம், விலையும் அதிகம். பண்டிகை முடியும் வரை பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பண்டிகை முடிந்ததும்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். பல்குத்தும் குச்சியால் நான் துளை போட்டுக் கொடுப்பேன், அவள் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம்பைச் செருகுவாள். ஒரு வாரத்தில் முடியும். வாயில் போட்டுக்கொள்ளாமல் கூடவே உட்கார வேண்டும், முடிந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். பழம் அழுகாமல் மெல்லக் காயும், மாதக்கணக்கில் மணக்கும். சனிக்கிழமை இரவு ஷப்பாத்தை வழியனுப்பும் ஹவ்தாலாவில், பல திரி கொண்ட பின்னல் மெழுகுவத்தியோடு, நறுமணம் ஒன்றையும் எல்லாரும் முகர வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இந்தக் கிராம்புப் பழம்தான்.

வில்லோ கிளையைத் தூக்கிப் போடாதீர்கள். வாடாமல் இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் விடும். வேர் வளர்வதைப் பிள்ளை கண்ணால் பார்க்க இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது. காய்ந்த பேரீச்சைக் குருத்தை மட்டும் அலமாரி மேல் போட்டு வையுங்கள். எதற்கு என்று பாஸ்கா கேள்வியில் சொல்கிறேன்.

"சனிக்கிழமை ஏன் கிரேயானைப் பிடுங்கி வைக்கிறாங்க? பாவம், பிள்ளைதானே?"

ஷப்பாத்தில் விலக்கிய 39 வகை வேலைகள் உண்டு. விதைப்பது, அறுப்பது, மாவு பிசைவது, சுடுவது, சாயம் ஏற்றுவது, தைப்பது, எழுதுவது, அழிப்பது எல்லாம் அதில் வரும். ஆறு நாளும் நான் பிள்ளையோடு செய்கிற தோட்டம், ரொட்டி, கைவேலை மூன்றும் அந்தப் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கின்றன! செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுகூட விதைப்பதோடு சேர்ந்தது, அதனால் மாமியார் வெள்ளி மதியமே ஊற்றிவிடுவார்.

இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கடமை கிடையாது. ஆனால் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். மாமியார் வீட்டில் வெள்ளி மாலை கிரேயான் டப்பா இழுப்பறைக்குள் போய்விடும், மரக்கட்டைகளும் படப் புத்தகங்களும் வெளியே வரும். எங்கள் வீட்டில் நாங்கள் அவ்வளவு பார்ப்பதில்லை. பிள்ளை குழம்பிவிடாதா என்று பயந்தேன். "பாட்டி வீட்டுல கட்டை, நம்ம வீட்டுல கலர்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

"பாஸ்கா எட்டு நாளும் நம்ம சமையல் என்னாகும்? இட்லி உண்டா இல்லையா?"

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி, கொஞ்சம் சிக்கலும்கூட. கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியமும் புளித்தால் ஹமேட்ஸ், வீட்டிலேயே இருக்கக்கூடாது. ஆக ரவை, சேமியா, மைதா, சப்பாத்தி எல்லாம் வெளியே. அரிசியும் பருப்பும் ஹமேட்ஸ் அல்ல. ஆனால் கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாசி வழக்கத்தில் அவற்றையும், நம் தாளிப்புக் கடுகையும்கூட, விலக்கிவிடுவார்கள். ஸ்பெயின் வழிவந்த செபார்தி யூதரில் பலர் அரிசி சாப்பிடுவார்கள். ரிஃபார்முக்கும் கெடுபிடியான ஆர்த்தடாக்ஸுக்கும் நடுவே நிற்கும் கன்சர்வேட்டிவ் இயக்கத்தின் சட்டக் குழு 2015-இல் அஷ்கெனாசிகளும் சாப்பிடலாம் என்று ஏற்றது. எங்கள் வீட்டில் இட்லி உண்டு, மாமியார் வீட்டுக்குப் போகும்போது வாய் திறக்க மாட்டேன்.

யாரும் எதிர்பார்க்காதது பெருங்காயம். கட்டியானாலும் தூளானாலும் கடையில் விற்பதில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். அதே போலப் பிள்ளையின் விளையாட்டு மாவும் கோதுமைதான், மைதா காய்ச்சிய பசையும் அப்படியே. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வெளியேற்றிவிட்டு அந்த வாரம் களிமண் கொடுக்கிறேன்.

முந்தின இரவு ஹமேட்ஸ் தேடுவதுதான் பிள்ளைகளுக்கு உச்சம். பத்து ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைத்து, விளக்கை அணைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இறகால் கூட்டி மரக்கரண்டியில் அள்ள வேண்டும். சின்னதற்கு டார்ச் கொடுங்கள். பத்தும் எங்கே என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், நாங்கள் குறிக்காமல் ஒரு துண்டை ஜூனில் சோபாவுக்கடியில் எடுத்தோம். மறுநாள் காலை அவற்றை எரிக்கும்போது அலமாரி மேல் கிடக்கும் காய்ந்த பேரீச்சைக் குருத்தைக் கொளுத்திப் போடுவது பலர் வழக்கம்.

"ஹனுக்காங்கிறது அவங்க ஊர் கார்த்திகை தீபமா?"

பருவமும் வெளிச்சமும் ஒன்று, கதை வேறு. கி.மு. 164-இல் யூதப் போராளிகளான மக்கபேயர் எருசலேம் கோயிலை மீட்டுத் தூய்மைப்படுத்திய நினைவு. முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று எட்டு இரவு, கூடவே ஒவ்வொரு இரவும் மற்றவற்றை ஏற்றிவிட ஒன்று, ஆக மொத்தம் 44 மெழுகுவத்தி. தேன்மெழுகுத் தாளில் திரியை வைத்துச் சுருட்டினால் மெழுகுவத்தி தயார், அடுப்பே வேண்டாம், இரண்டு வயதுக் கையாலேயே முடியும். நடுவில் வரும் வெள்ளிக்கிழமை ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றி, அப்புறம்தான் ஷப்பாத் விளக்கு. மாற்றி ஏற்றினால் ஷப்பாத் தொடங்கிவிடும், பிறகு தீக்குச்சி உரச முடியாது.

"எபிரேய எழுத்து போட்ட கைவேலைத் தாளைக் குப்பையில போடலாமா?"

சும்மா எழுத்து என்றால் போடலாம். கடவுளின் திருநாமம் முழுதாக எழுதியிருந்தால் கூடாது. தொழுகைக்கூடத்தில் அதற்கென்று பெட்டி இருக்கும், பிறகு மண்ணில் புதைப்பார்கள். இதனால்தான் ஆசிரியைகள் பிள்ளைகளுக்கான தாளில் பெயரைச் சுருக்கி ஒரே எழுத்தாகப் போடுகிறார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்துகிடந்த லட்சக்கணக்கான துண்டுகளில்தான் மலபாரோடு வணிகம் செய்த யூதரின் 12-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் கிடைத்தன. பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள்களும் அதில் இருந்தன.

"அவங்க மூணு வயசு வரைக்கும் முடியே வெட்ட மாட்டாங்களாமே? நம்ம மொட்டை போடலாமா?"

எல்லாரும் அல்ல. கெடுபிடி அதிகமுள்ள ஹசிதிய, ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் பலவற்றில், ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். மரம் நட்ட முதல் மூன்று ஆண்டு அதன் கனியைத் தொடாதே என்று வேதநூலான லேவியராகமம் சொல்கிறது. மனிதனும் வயல்வெளி மரம் போல என்று அதைக் குழந்தைக்கும் பொருத்திக்கொண்டார்கள். மூன்று முடிந்ததும் உறவினர் ஆளுக்கொரு கற்றை வெட்ட, எழுத்துப் படிப்பு தொடங்கும். தேன் தடவிய எபிரேய எழுத்தை நக்கச் சொல்வார்கள். நம் வித்யாரம்பம் நினைவுக்கு வரும்.

எங்களுக்குப் பெண் பிள்ளை. அழகர்கோயிலில் மொட்டை போட்டோம், மாமியார் புகைப்படம் கேட்டு வாங்கிக்கொண்டார். யாரும் சண்டை போடவில்லை.

"நீ மதம் மாறிட்டியா? மாறலைன்னா பிள்ளை யூதரா இல்லையா?"

மாறவில்லை. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் கணக்கில் தாய் யூதராக இருக்க வேண்டும், அதன்படி என் மகள் யூதர் அல்ல. அமெரிக்க ரிஃபார்ம் ரபிகள், அதாவது மதகுருக்கள், 1983-இல், தந்தை மட்டும் யூதராயிருந்தாலும் யூதராக வளர்க்கப்பட்டால் ஏற்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அவள் அந்தக் கணக்கில் வருகிறாள். நாளை வேறு பிரிவில் சேர விரும்பினால் அவள் கேள்வியை அவளே சந்திக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு விளக்கை நான் ஏற்றுகிறேன், ஆசி மொழியைக் கணவர் சொல்கிறார்.

"அப்போ பொங்கல், கொலு, பிள்ளையார் எல்லாம் போச்சா?"

பொங்கல் உண்டு, கோலமும் உண்டு. அரிசி மாவை விரலிடுக்கில் விட அவளுக்குக் கற்றுத்தருகிறேன், இப்போதைக்கு நான் வைக்கிற புள்ளிகளைக் காலால் கலைப்பதில்தான் திறமை. களிமண் பிள்ளையார்தான் கஷ்டம். உருவம் செய்து வணங்காதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று, கணவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவருக்கு நெருடும் என்று எனக்குத் தெரியும். அதனால் கொலுவைத் தோழி வீட்டில் போய்ப் பார்க்கிறோம், சுண்டல் வாங்கி வருகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"எத்ரோக் விதை போட்டீங்களே, காய்ச்சுதா?"

அதற்கெல்லாம் வருஷக்கணக்காகும். பழத்தைக் கிராம்பு குத்தி வைத்துவிட்டால் விதை வீணாகும் என்று, அக்கம்பக்கத்தார் கொடுத்த இன்னொரு பழத்தை வெட்டி ஈர விதையாகவே ஆறு போட்டோம். மூன்று முளைத்தன, ஒன்றை அவள் வேரோடு இழுத்துப் பார்த்தாள், இன்னொன்றை அணில் தின்றது. மிச்சம் ஒன்று முள்ளோடு ஒன்றரை அடி நிற்கிறது. அக்டோபர் முதல் மே வரை வீட்டுக்குள், பிறகு வெளித் திண்ணையில். முடிவெட்டும் கேள்வியில் சொன்ன மூன்றாண்டு விதி இதற்கும் உண்டு, ஆனால் அதற்குள் எப்படியும் பூக்கப் போவதில்லை. தினமும் காலையில் அதன் பக்கத்தில் நின்று, தான்தான் உயரம் என்று உறுதி செய்துகொண்டு பள்ளிக்குப் போகிறாள்.